மிஸ் வாயில் ஒரு வண்டு

ராயப்பேட்டை
செப்டம்பர் 9

மதுமதி மிஸ்ஸுக்கு,

நேற்று பள்ளி வாசலில் நான் போட்ட சத்தத்துக்காக, இனிமேல் வகுப்புப் பக்கம் வரக்கூடாது, எதுவானாலும் எழுத்தில் கொடுங்கள் என்று பிரின்சிபால் வேம்பு மேடம் சொல்லிவிட்டார். சரி, எழுத்திலேயே கொடுக்கிறேன். என் மகள் ஆயத்தின் பையில் முன் ஜிப்புக்குள் வைத்திருக்கிறேன். அவளுக்கு இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்க வராது என்பதால் பயமில்லாமல் எழுதலாம்.

என் மகளுக்கு இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு. மிஷின் போட்டால் கேட்கும். இது உங்களுக்குத் தெரியும். உங்கள் வகுப்பில் முப்பது பிள்ளைகள் போடும் இரைச்சலில் உங்கள் குரலை மட்டும் பிரித்தெடுக்க அந்த மிஷினால் முடியாது என்பதால்தான், மே மாதம் நானே வந்து வகுப்பைச் சுற்றித் தரையோரமாக ஒரு செம்புக் கம்பி ஓட்டினேன். எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறாளே என்று கேட்பவர்களுக்கு அதுதான் என் பதில். உங்கள் கழுத்து மைக்கிலிருந்து குரல் அலமாரி மேல் இருக்கும் பெட்டிக்குப் போகிறது. பெட்டி அதைக் கம்பியில் மின்னோட்டமாக ஓட்டுகிறது. அறை முழுக்க ஒரு காந்தப்புலம் உங்கள் குரலைப் போலவே ஏறி இறங்குகிறது. ஆயத்தின் மிஷினுக்குள் அரிசி அளவு ஒரு காயில், அதாவது கம்பிச் சுருள், இருக்கிறது. அது அந்தக் காந்தப்புலத்தை வாங்கி மறுபடி குரலாக்கிக் காதில் கொடுக்கிறது. பெஞ்சு இழுக்கிற சத்தம் கிடையாது, ஃபேன் சத்தம் கிடையாது, நீங்கள் மட்டும்.

ஜூனிலும் ஜூலையிலும் வீட்டுக்கு வந்து நீங்கள் சொன்ன கதையை உங்கள் கையசைப்போடு சொல்லிக் காட்டினாள். ஆகஸ்ட்டிலிருந்து ஒன்றுமில்லை. "கவனிப்பதில்லை" என்று மூன்று தடவை டைரியில் எழுதிவிட்டீர்கள். காலாண்டு விடுமுறைக்கு முன்னால் நீங்கள் தரப்போகிற ரிப்போர்ட்டும் அப்படியே இருந்தால் இவளைக் காது கேளாத பிள்ளைகளுக்கான தனிப் பள்ளிக்கு மாற்றிவிடுவார்களாம். தனிப் பள்ளி தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. அங்கே போக வேண்டிய குழந்தை போகட்டும். கேட்கிற குழந்தையைக் கேட்காது என்று எழுதி அனுப்பக்கூடாது.

நேரடியாகவே கேட்கிறேன். வெளியே போகும்போது மைக்கை அணைக்கிறீர்களே, திரும்பி வந்து போடுகிறீர்களா? மறந்துவிடுகிறீர்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஜுவேரியா


கோபாலபுரம்
செப்டம்பர் 10

ஆயத்தின் அம்மாவுக்கு,

கடிதம் வந்தது. பி.எட். பரீட்சையில்கூட நான் ஒரு கேள்விக்கு இவ்வளவு எழுதியதில்லை.

மைக்கைப் போட நான் மறப்பதில்லை. இருந்தாலும் உங்கள் திருப்திக்காக ஒன்று செய்கிறேன். இன்றிலிருந்து அதை அணைக்கவே போவதில்லை. காலையில் கழுத்தில் மாட்டினால் மாலையில் கழற்றும்வரை ஓடும். தண்ணீர் குடிக்கப் போனாலும் ஓடும். பேட்டரி மட்டும் நீங்கள் அனுப்பிக்கொண்டே இருங்கள்.

இனி என் பக்கம். நான் பேச ஆரம்பித்தால் உங்கள் மகள் வலது காதை டெஸ்க்கில் வைத்துப் படுத்துக்கொள்கிறாள். தூங்குவதில்லை. கண்ணைத் திறந்துவைத்து என்னையே பார்க்கிறாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அசைவதில்லை. போய்த் தொட்டு நிமிர்த்தினால் முகத்தைச் சுளித்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறாள். பாடம் எடுக்கிறவளுக்கு அது எப்படி இருக்கும் என்று நீங்கள் ஒரு நாள் நின்று பார்த்தால்தான் தெரியும்.

அது போதாதென்று, பக்கத்து சீட்டு ஸ்ரீவத்சனிடம் "மிஸ் வாயில வண்டு இருக்கு" என்று சொல்லியிருக்கிறாள். வகுப்பே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. பதினோரு வருஷ சர்வீசில் பிள்ளைகள் எனக்கு நிறையப் பெயர் வைத்திருக்கிறார்கள். வண்டு புதுசு. அவள் வரைந்த படத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். கொண்டை போட்டிருப்பது நான். கறுப்பாக, என் தலையைவிடப் பெரிதாக இருப்பது வண்டு.

ரிப்போர்ட்டில் நான் கண்ணால் பார்ப்பதைத்தான் எழுதுவேன். கூட்டியும் எழுதமாட்டேன், குறைத்தும் எழுதமாட்டேன்.

மதுமதி


ராயப்பேட்டை
செப்டம்பர் 11

மதுமதி மிஸ்ஸுக்கு,

தலையை டெஸ்க்கில் வைத்துப் படுக்கிறாள் என்று இதற்கு முன்னால் நீங்கள் எழுதவே இல்லை. "கவனிப்பதில்லை" என்பதும் இதுவும் ஒன்றா? வீட்டில் அவள் அப்படிப் படுத்து நான் பார்த்ததே இல்லை. நேற்று உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து அவளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சாப்பிடும்போது, விளையாடும்போது, தொழுகைக்கு என் பக்கத்தில் வந்து நிற்கும்போது. கழுத்து நேராகத்தான் இருக்கிறது. பார்த்துப் பார்த்து எனக்குத்தான் கழுத்து வலிக்கிறது.

அடையாறு டாக்டரிடம் போனில் சொன்னேன். தலை ஒரே பக்கமாகச் சாய்கிறதென்றால் நரம்பு சம்பந்தமாகவும் பார்த்துவிடலாம், ஸ்கேனுக்கு எழுதித் தருகிறேன் என்றார். ஸ்கேன் எடுக்க இவளுக்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டுமாம். என் கணவர் சஃப்வான், "டீச்சர் ஒரு வரி எழுதுனா நீ ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வந்துடற" என்கிறார். அவருக்குப் பாண்டி பஜாரில் மூக்குக்கண்ணாடிக் கடை. எல்லாவற்றுக்கும் பவர் மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்.

வண்டைப் பற்றி அவளிடம் கேட்டேன்.

"வண்டு எப்படி இருக்கும்?"

"ம்ம்ம்ம்ம்னு இருக்கும்."

"எங்க இருக்கும்?"

"மிஸ் பேசுனா வரும் அம்மி. வந்து மிஸ்ஸ தின்னுடும்."

வீட்டில் வண்டு வருமா என்றேன். என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்து, "வீட்ல மிஸ் இல்லியே" என்றாள்.

படத்தை ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். தப்பாக நினைக்காதீர்கள், கொண்டை நன்றாக வந்திருக்கிறது.

பெட்டியின் சத்தம் போதவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அலமாரி மேல் உள்ள பெட்டியில் வலது பக்கத் திருகை ஆறு வரைக்கும் ஏற்றிப் பாருங்கள். இன்னொன்று. எந்த நேரத்தில் படுக்கிறாள், எப்போது படுப்பதில்லை என்று எனக்கு எழுத முடியுமா? உங்களுக்கு வேலை அதிகம், தெரியும். நான் வந்து பார்க்க முடியாதே. உங்கள் கண்ணால்தான் பார்த்தாக வேண்டும்.

ஜுவேரியா


கோபாலபுரம்
செப்டம்பர் 12

ஆயத்தின் அம்மாவுக்கு,

ஆறு வரைக்கும் ஏற்றினேன். பிறகு அவளிடமே கேட்டேன். "இப்ப மிஸ்ஸும் கத்துறாங்க, வண்டும் கத்துது" என்று பதில் வந்தது. திருகைப் பழைய இடத்துக்கே இறக்கிவிட்டேன்.

நீங்கள் கேட்டதற்காக இன்று முழுக்கக் கவனித்தேன். பழைய நாட்களையும் யோசித்துப் பார்த்தேன். உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

காலையில் முதல் பாடத்தில் நன்றாக நிமிர்ந்து உட்காருகிறாள். கேள்வி கேட்டால் பதிலும் சொல்கிறாள். பிரின்சிபால் மேடம் வந்து கொஞ்ச நேரம் ஆனதும் படுக்கிறாள். பிறகு எழுந்திருக்கிறாள். மறுபடி படுக்கிறாள். நாள் முழுக்க ஊஞ்சல் மாதிரி. இத்தனை நாள் விளையாட்டு காட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

புதன்கிழமை இங்கே ரொம்ப நேரம் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டரில் ஃபேனும் உங்கள் பெட்டியும் மட்டும் ஓடின. அந்த நேரம் முழுக்க உங்கள் மகள் தலையைச் சாய்க்கவே இல்லை. மழைப் பாட்டு மொத்தத்தையும் என்னோடு சேர்ந்து பாடினாள், கடைசி வரி உட்பட. போன மாதம் பிரின்சிபால் மேடம் காஞ்சிபுரத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்த அன்றும் இப்படித்தான். மேடம் லீவு போட்டால் எங்கள் எல்லாருக்குமே தலை நிமிரும். ஆயத்தும் எங்கள் கட்சி போலிருக்கிறது.

ஆயா அன்புச்செல்வியிடமும் கேட்டேன். "இன்னா மிஸ், எத்தினி நாளா சொல்லிக்கினு இருக்கேன். வெளிய வெள்ளாட வுட்டா பாப்பா நல்லா நிமுந்து நிக்கிது. உள்ள வந்தாத்தான் வாடுன கீர மாரி தொங்கிக்கினு கீது. ரூமுதான் சரியில்ல, பாப்பா நல்லாத்தான் கீது" என்றாள். பக்கத்து மாடியில் இருக்கும் செல்போன் டவர்தான் காரணம் என்பது அவள் கட்சி. பிரின்சிபாலுக்கும் அதே சந்தேகம்.

ஸ்கேனுக்கு அவசரப்படாதீர்கள். ஒரு வகுப்பறைக்குள் மட்டும் வருகிற நரம்புக் கோளாறை நான் கேள்விப்பட்டதில்லை.

மதுமதி


ராயப்பேட்டை
செப்டம்பர் 15

மதுமதி மிஸ்ஸுக்கு,

கண்டுபிடித்துவிட்டேன். இல்லை, நீங்கள் கண்டுபிடித்தீர்கள். நான் அதற்குப் பெயர் வைக்கிறேன், அவ்வளவுதான்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். கரண்ட் போனால் நன்றாக இருக்கிறாள். பிரின்சிபால் வராவிட்டால் நன்றாக இருக்கிறாள். அவர் வருவதற்கு முன்னால் நன்றாக இருக்கிறாள். அவர் வந்த பிறகு விட்டு விட்டுப் படுக்கிறாள். எல்லாம் ஆகஸ்ட்டிலிருந்து. குழம்புக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருக்கும்போது புரிந்தது. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் சஃப்வானிடம் "ஏ.சி.!" என்றேன். அவர் பாவம், வீட்டு ஏ.சி.யை அணைத்தார்.

பிரின்சிபால் அறையில் ஆகஸ்ட்டில் ஏ.சி. போட்டார்கள், நினைவிருக்கிறதா? அறை குளிர்ந்தால் கம்ப்ரெஸர் நிற்கும், சூடானால் மறுபடி ஓடும். நீங்கள் பார்த்த ஊஞ்சல் அதுதான். அந்த ஏ.சி.க்குப் போகிற கம்பி உங்கள் வகுப்பை எப்படியோ சுற்றிக்கொண்டு போகிறது. நான் தரையோரம் ஓட்டிய கம்பி உங்கள் குரலால் அறையை நிரப்புகிறது என்றால், அந்தக் கம்பி கரண்ட்டின் உறுமலால் நிரப்புகிறது. ஆயத்தின் காயிலுக்கு எது யார் அனுப்பியது என்று தெரியாது. எந்தக் காந்தப்புலம் ஏறி இறங்கினாலும் வாங்கிக் காதில் கொடுத்துவிடும். அதுதான் வண்டு. உங்களுக்குக் கேட்காது, எனக்கும் கேட்காது. ஏனென்றால் அது காற்றில் வருகிற சத்தமே இல்லை.

செல்போன் டவர் இல்லை. அன்புச்செல்வி அம்மாவிடம் சொல்லுங்கள். நீட்டிக்கொண்டிருக்கிற ஆன்டெனாக் கம்பி மின்புலத்தை வாங்குகிற ஜாதி. டவர் அலை கோடிக்கணக்கான தடவை துடிப்பது. இந்தக் காயில் காந்தப்புலத்தை, அதுவும் மனுஷக் குரல் அளவுக்கு மெதுவாகத் துடிப்பதை மட்டும் வாங்குகிறது. கரண்ட்டின் உறுமல் சரியாக அந்த எல்லைக்குள் வந்து மாட்டுகிறது.

இப்போது, தலை ஏன் சாய்கிறது? மழை நேராகப் பெய்யும்போது ஒரு வளையலைக் கையில் படுக்கையாகப் பிடியுங்கள், தட்டு மாதிரி. மழை அதற்குள் புகுந்து போகும். அதே வளையலை நிமிர்த்திப் பிடியுங்கள். ஒரு சொட்டுகூட வளையத்துக்குள் நுழையாது, ஓரத்தில் பட்டு வழியும். உங்கள் வகுப்பில் காந்தப்புலம் மழை மாதிரி மேலும் கீழுமாக இருக்கிறது. ஆயத் நேராக உட்கார்ந்தால் காயிலின் வளையங்கள் மழைக்குத் தட்டாக நிற்கின்றன, எல்லாம் உள்ளே வருகிறது. காதை டெஸ்க்கில் வைத்தால் வளையம் நிமிர்ந்துவிடுகிறது. வண்டு போய்விடும். உங்கள் குரலும் அதே மழைதான், அதனால் அதுவும் போய்விடும். பிள்ளைகள் சத்தம் வேண்டாம் என்று வகுப்பில் மட்டும் மிஷினின் சொந்த மைக்கை நிறுத்திக் காயிலை மட்டும் வைக்கச் சொன்னது நான்தான். ஆக, படுத்தால் அவளுக்கு முழு அமைதி. நீங்கள் கூப்பிட்டாலும் கேட்காது. அதனால்தான் கண்ணைத் திறந்துவைத்து உங்கள் வாயையே பார்க்கிறாள்.

மிஸ், என் மகளுக்கு நரம்பில் ஒன்றும் இல்லை. அவள் ஆன்டெனாவைத் திருப்புகிறாள். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு நாலு வருஷம் காலேஜ் தேவைப்பட்டது.

என்மேல் நம்பிக்கை வேண்டாம். நீங்கள் கண்ணால் பார்ப்பதை மட்டும் எழுதுகிறவர். பையில் பென்சில் டப்பா மாதிரி ஒன்று இருக்கிறது. உள்ளே காயிலும் சின்ன ஆம்ப்ளிஃபயரும், வெளியே இயர்ஃபோனும். ஏ.சி. ஓடும்போது டப்பாவை நேராக நிமிர்த்திப் பிடித்துக் கேளுங்கள், அப்போது உள்ளே காயிலின் வளையங்கள் மழைக்குத் தட்டாக இருக்கும். பிறகு மெதுவாகச் சாயுங்கள்.

ஜுவேரியா


கோபாலபுரம்
செப்டம்பர் 16

ஜுவேரியாவுக்கு,

மத்தியானம் பிள்ளைகள் சாப்பிடப் போனதும் கதவைச் சாத்தினேன். மைக்கை அன்புச்செல்வி கழுத்தில் மாட்டி, ஏதாவது பேசு என்றேன். "இன்னா பேசறது மிஸ்?" என்றாள். எதையாவது என்றேன். இயர்ஃபோனை வைத்துக்கொண்டு உங்கள் டப்பாவை நிமிர்த்தினேன்.

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கல்யாண மண்டபத்து ஜெனரேட்டருக்குள் தலையை விட்டது போல இருந்தது. அதற்கு அடியில் எங்கேயோ அன்புச்செல்வி. ஒரு வார்த்தை வருகிறது, அடுத்த வார்த்தையை அது விழுங்குகிறது. மிஸ்ஸைத் தின்னுடும் என்றாளே, அதைவிடச் சரியாக ஒருவராலும் சொல்ல முடியாது. டப்பாவைச் சாய்த்தேன். கிணற்றில் கல் போட்டது மாதிரி எல்லாம் அடங்கியது. அன்புச்செல்வியின் வாய் அசைகிறது, எனக்கு ஒன்றுமே இல்லை. மறுபடி நிமிர்த்தினேன். மறுபடி ஜெனரேட்டர். என்னால் முடியவில்லை, பிடுங்கிப் போட்டுவிட்டேன். அன்புச்செல்வி "இன்னா மிஸ், நான் அவ்ளோ மோசமாவா பேசறேன்?" என்று கேட்டாள்.

இதைக் கேட்டுக்கொண்டேதான் உங்கள் மகள் தினமும் எனக்கு வணக்கம் சொல்லியிருக்கிறாள்.

மத்தியானப் பாடத்தில் ஆயத் படுத்ததும் நான் போய் நிமிர்த்தவில்லை. அவள் டெஸ்க் பக்கத்தில் மண்டிபோட்டு, நானும் என் தலையை அதே மாதிரி வைத்தேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் சிரித்தாள். ஸ்ரீவத்சன், "மிஸ்ஸுக்கும் வந்துட்டுது" என்று எல்லாருக்கும் அறிவித்தான்.

மாலையில் பிரின்சிபாலிடம் போனேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். "நான் புழுங்கிச் சாகணும்ங்கறியா? ஆத்துலதான் ஏ.சி. இல்லை, இங்கயும் கூடாதா? அந்தப் பொண்ணு வகுப்பைச் சுத்திக் கம்பியைக் கட்டிண்டு போனா. அதைக் கழட்டிப் போட்டா எல்லாம் சரியாப் போயிடும். வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் என் மேஜைக்கு வரணும்" என்றார்.

கம்பியைக் கழற்றினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வண்டு போகும், நானும் போய்விடுவேன். அடுத்து என்ன?

மதுமதி


ராயப்பேட்டை
செப்டம்பர் 17

மதுமதி மிஸ்ஸுக்கு,

ஏ.சி.யை அணைக்கவே வேண்டாம். மேடம் நன்றாகக் குளிரட்டும். தப்பு ஏ.சி.யில் இல்லை, அதற்கு வயர் இழுத்தவர் கையில் இருக்கிறது.

எந்தச் சாதனத்துக்கும் இரண்டு கம்பி. பேஸ் என்கிற ஒன்றில் கரண்ட் போகிறது, நியூட்ரல் என்கிற மற்றதில் திரும்பி வருகிறது. இரண்டும் ஒரே குழாய்க்குள் ஒட்டிக்கொண்டு போனால், போகிறது உண்டாக்கும் காந்தப்புலத்தை வருகிறது அழித்துவிடும். கொஞ்சம் தள்ளி நின்றாலே ஒன்றும் மிஞ்சாது. நம் எல்லார் வீட்டிலும் அப்படித்தான் இருக்கிறது, அதனால்தான் ஆயத்துக்கு வீட்டில் வண்டு இல்லை. உங்கள் பள்ளியில் போகிற கம்பி ஒரு சுவர் வழியாகவும் வருகிற கம்பி எதிர்ச் சுவர் வழியாகவும் போகின்றன என்று பந்தயம் கட்டுகிறேன். நடுவில் உங்கள் வகுப்பு மாட்டிக்கொண்டது. நான் தெரிந்து கட்டிய வளையத்தை அவர் தெரியாமல் கட்டியிருக்கிறார்.

நான் வந்து பார்க்க முடியாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஏ.சி.க்கு நியூட்ரல் எங்கிருந்து எடுத்தீர்கள்?

பதில் "மெயின் போர்டிலிருந்து" என்று வந்தால் நான் தோற்றேன். கம்பியைக் கழற்றிவிடுங்கள், ஸ்கேனுக்கும் கூட்டிக்கொண்டு போகிறேன். ஆனால் பதில் அப்படி வராது.

ஜுவேரியா


கோபாலபுரம்
செப்டம்பர் 19

ஜுவேரியாவுக்கு,

எலக்ட்ரீஷியன் வடிவேலு இன்று வந்தார். உங்கள் கேள்வியை வார்த்தை மாறாமல் கேட்டேன்.

"நியூட்ரலா? அத்த ஏன் மேடம் கேக்கறீங்க? பேஸ் மட்டும் மெயின் போர்டுலேர்ந்து படிக்கட்டு பக்கமா இட்டாந்தேன். நியூட்ரலு உங்க கிளாசு அந்தாண்ட செவுத்துல பழைய பொட்டி ஒண்ணு கீது பாருங்க, அதுலேர்ந்து எடுத்துக்கினேன். ஒயர் மிச்சம்ல?"

"ரெண்டையும் ஒண்ணா கொண்டு வரணும்ல அண்ணா?"

"ஒயர் எந்தப் பக்கம் வந்தா இன்னா மேடம்? ஏ.சி. ஜில்லுனு கீதா இல்லியா?"

உங்கள் டப்பாவை அவர் கையில் கொடுத்து இயர்ஃபோனை மாட்டினேன். வகுப்பு முழுக்க நடந்தார். சாய்த்தார், நிமிர்த்தினார், வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். முகம் மாறிவிட்டது. "எம்மா, இத்தயா அந்தப் பாப்பா கேட்டுக்கினு இருந்துச்சு?" என்றார். ஞாயிற்றுக்கிழமை வந்து இரண்டு வயரையும் ஒரே குழாயில் இழுத்துத் தருகிறேன் என்று அவராகவே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

பிரின்சிபாலிடம் ரிப்போர்ட்டுக்குச் செவ்வாய்வரை அவகாசம் வாங்கியிருக்கிறேன். சும்மா கிடைக்கவில்லை. "வயர் மாத்திக்கோ. ஆனா கொழந்தைக்குக் காது கேக்கறதுன்னு அம்மாவும் டீச்சரும் சேர்ந்து சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். உன் வாயைப் பார்த்துப் புரிஞ்சுக்கறாளோ என்னவோ. எனக்கு நிரூபிச்சுக் காட்டு" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இவ்வளவு நாள் என் வாயைப் பார்த்தே பழகிய குழந்தை. வாயைப் பார்க்காமல் கேட்டாள் என்பதற்கு நான் எதைக் காட்டுவேன்?

மதுமதி


ராயப்பேட்டை
செப்டம்பர் 22

மதுமதி மிஸ்ஸுக்கு,

இன்று ஆயத் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், "வண்டு செத்துப் போச்சு அம்மி" என்றாள். நான் அழவில்லை. சஃப்வான்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் கேட்ட நிரூபணம் என் கையில் இருக்கிறது. அதைக் கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. என்ன முடிவெடுத்தாலும் உங்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் சாதாரணமாகக் கேட்டாள். "அம்மி, கோபாலபுரம் கிரவுண்டு எங்க இருக்கு?"

"ஏன்?"

"மிஸ் சொன்னாங்க. ஆயத் அம்மா கத்துனா கிரவுண்டுல கிரிக்கெட் ஆடுறவங்க அவுட்டுன்னு நெனச்சு வெளிய போயிடுவாங்களாம். ஆனா தலைல சரக்கு இருக்காம். சரக்குன்னா என்ன அம்மி?"

யாரிடம் சொன்னார்கள் என்று கேட்டேன். ஆயாவிடமாம். மிஸ் எங்கே இருந்தார்கள் என்றேன். "தெரில. மிஸ் கிளாஸ்ல இல்ல. நான் கலர் அடிச்சிட்டிருந்தேன். மிஸ் மட்டும் காதுல வந்தாங்க" என்றாள்.

நீங்கள் வகுப்புக்கு வெளியே தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்று பேசியிருப்பீர்கள். மைக் கழுத்தில். அணைக்கவே மாட்டேன் என்று எனக்கு எழுதிக்கொடுத்தது நினைவிருக்கிறதா? நீங்கள் எங்கே நின்றாலும் அந்தப் பெட்டிக்கு எட்டினால் போதும், அறை முழுக்க அவளுக்கு மட்டும் நீங்கள் பெய்துகொண்டிருப்பீர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற வாயை யாரால் பார்க்க முடியும்?

சங்கடம் என்னவென்றால் அவள் அதோடு நிறுத்தவில்லை. அடுத்து, "நம்ம பிரின்சிபால் மேடம் தன் முதுகு ஜில்லுனு இருக்கணும்னு ஒரு கொழந்தைய ஊருவிட்டு ஊரு அனுப்பப் பாத்துச்சு" என்றும் சொன்னாள். உங்கள் இழுப்போடு, உங்கள் கையசைப்போடு. ஜூலைக்குப் பிறகு அந்தக் கையசைப்பை இன்றுதான் பார்க்கிறேன்.

இது உங்கள் வேலைக்கு ஆபத்து. வேறு வழியிலும் சோதித்துக் காட்டலாம், யோசித்து எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள்.

கிரிக்கெட் விஷயத்தில் எனக்குக் கோபமில்லை. நேற்று இருந்திருக்கும்.

ஜுவேரியா


கோபாலபுரம்
செப்டம்பர் 23

ஜுவேரியாவுக்கு,

கிழிக்கவில்லை. காலையில் படித்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். மைக்கை அணைத்துவிட்டுத்தான் குடித்தேன்.

வேறு வழி யோசிக்கலாம்தான். நான் போய்ச் சுவருக்குப் பின்னால் நின்று "ஆப்பிள், பந்து" என்று சொல்லலாம். நாங்கள் சொல்லிக்கொடுத்து வைத்தது என்பார். யாருமே சொல்லிக்கொடுக்க மாட்டார்கள் என்று அவருக்கே தெரிகிற ஒன்றைத்தான் கொடுக்க முடியும். அது ஒன்றுதான் என்னிடம் இருந்தது.

மிஷினில் அதன் மைக்கைப் போட்டுவிட்டு, ஆயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பிரின்சிபால் அறைக்குப் போனேன். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. நேற்று நான் வகுப்புக்கு வெளியே நின்று பேசியதை இவளே சொல்லட்டும், கேளுங்கள் மேடம் என்றேன். ஆயத் முதலில் கிரிக்கெட்டைச் சொன்னாள். மேடம் சிரித்தார். பிறகு முதுகைச் சொன்னாள். முழுவதும், என் குரலில், ஒரு சொல் விடாமல்.

மேடம் என்னைப் பார்க்கவில்லை. ஆயத்தை மட்டும் பார்த்தார். "நீ எங்க இருந்தேடி அப்போ?" என்று கேட்டார். "கிளாஸ்ல மேடம். கலர் அடிச்சிண்டு இருந்தேன்" என்றாள். ஆமாம், "அடிச்சிண்டு"தான். மேடத்திடம் மேடம் மாதிரியே பேசினாள். மேடத்தின் உதடு துடித்தது. கோபமா சிரிப்பா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ரிமோட்டை எடுத்து ஏ.சி.யைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, "மதுமதி, உன்னோட நான் அப்புறம் பேசிக்கறேன். ரிப்போர்ட்டை நீயே எழுதிக்கோ. கொழந்தை இங்கயேதான் படிப்பா" என்றார்.

அந்த "அப்புறம்" இன்னும் வரவில்லை. வந்தால் பார்த்துக்கொள்கிறேன். மத்தியானம் அன்புச்செல்வி என் பக்கத்திலேயே வரவில்லை. "நீ பேசுனா ஊருக்கே கேக்குது மிஸ்" என்று எட்ட நின்றே சைகை காட்டினாள்.

ஸ்கேன் சீட்டைத் தூக்கிப் போடுங்கள்.

ரிப்போர்ட்டை எழுதிக் கொடுத்துவிட்டேன். கண்ணால் பார்ப்பதைத்தான் எழுதுவேன் என்றேன் அல்லவா, இந்தத் தடவை காதால் கேட்டதையும் சேர்த்துக்கொண்டேன். "கேட்கும் திறன்" என்ற இடத்தில் ஒரே வரி: நன்றாகக் கேட்கிறது, தேவைக்கு அதிகமாகவே.

உங்கள்மேல் போட்ட தடையையும் எடுத்துவிட்டார்கள். நாளையிலிருந்து நான் வகுப்பை விட்டு வெளியே போகும்போது மைக்கை அணைக்கப்போகிறேன். ஆட்சேபணை இருந்தால் வாசலுக்கே வந்து கத்துங்கள்.

மதுமதி